திறக்காமல் விட முடியாத கதவு: பாயிண்ட் அண்ட் கிளிக் திகில் விளையாட்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு பதினொன்றரை மணி, வெளியே மழை. நான் ஸ்க்ராட்சஸ் என்ற கணினி விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் தங்கை, போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு பழைய மாளிகையின் மாடிப்படி. கீழே எங்கோ சுவரை யாரோ நகத்தால் பிறாண்டுகிற சத்தம்.

"அண்ணா, கீழ போகாதண்ணா" என்றாள்.

போகாமல் என்ன செய்வது? அந்த விளையாட்டில் நான் கிளிக் செய்யாத வரை எதுவும் நடக்காது. யாரும் துரத்தவில்லை, கடிகாரமும் ஓடவில்லை. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் படி படியாகவே நிற்கும், சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். கடைசியில் என் விரல்தான் அழுத்தியது.

இந்த வகை விளையாட்டுகளின் மொத்த சூட்சுமமும் அதில்தான் இருக்கிறது. திகில் படத்தில் கதவை வேறு யாரோ திறப்பார்; அந்த ஆளை நாம் திட்டிக்கொண்டு பார்க்கலாம். துப்பாக்கியோடு ஓடுகிற விளையாட்டுகளில் பயப்பட நேரமே கிடைக்காது. பாயிண்ட் அண்ட் கிளிக்கில், அதாவது திரையில் ஓர் இடத்தைச் சுட்டித் தட்டியே நகர்கிற விளையாட்டில், நேரம் நிறைய உண்டு, ஆயுதம் கிடையாது, கதவைத் திறப்பதும் நாமேதான். இதைப் புரிந்துகொண்டு விளையாடினால் முப்பது வருடத்துக்கு முந்தைய மங்கலான படம்கூட வயிற்றைக் கலக்கும். புரியாமல் விளையாடினால் "என்னப்பா இது, ஒண்ணுமே நடக்கல" என்று இருபது நிமிடத்தில் மூடிவிடுவீர்கள். என் நண்பர்களில் பாதிப் பேர் அப்படித்தான் மூடினார்கள். அவர்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: முதல் விளையாட்டு சின்னதாக இருக்கட்டும்

எடுத்த எடுப்பில் பெரிய விளையாட்டில் இறங்காதீர்கள். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ரஸ்டி லேக் குழு 2015இல் வெளியிடத் தொடங்கிய க்யூப் எஸ்கேப் வரிசையில் ஆரம்பியுங்கள். சின்னச் சின்ன விளையாட்டுகள். ஃபோனிலேயே இலவசமாகக் கிடைத்தவை. பின்னால் 2020இல் ஒன்பதையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கணினிக்கும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

சீசன்ஸ் என்பதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஒரே ஒரு அறை. 1964 வசந்த காலம். நான்கு சுவர்கள், ஒரு ஜன்னல், கூண்டில் ஒரு கிளி, அடுப்பு, சுவர்க் கடிகாரம். அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த சுவருக்குத் திரும்பலாம். முட்டையைப் பொரிக்கலாம், இழுப்பறையைத் திறக்கலாம். பயமுறுத்த எதுவுமே இல்லையே என்று தோன்றும். அப்புறம் அதே அறை வேறொரு வருடத்தில் வரும். பொருள்கள் இடம் மாறியிருக்கும், வெளிச்சம் மாறியிருக்கும். ஏற்கெனவே பார்த்த சுவருக்குத் திரும்பும்போது அங்கே இருக்கக் கூடாத ஒன்று நிற்கும்.

இந்த விளையாட்டு உங்களுக்குச் சொல்லித்தருகிற பாடம் ஒன்றுதான்: ஒரு தடவை பார்த்த இடத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அடுத்து எடுக்கப் போகிற எல்லா விளையாட்டுகளுக்கும் அந்தப் பழக்கம் தேவைப்படும்.

சீசன்ஸ் பிடித்திருந்தால் அதே குழுவின் ரஸ்டி லேக் ஹோட்டலுக்குப் போங்கள். ஏரி நடுவில் ஒரு விடுதி, படகில் வந்து இறங்கும் ஐந்து விருந்தாளிகள். எல்லோருக்கும் மிருகத் தலை: மான், புறா, முயல், ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை, காட்டுப்பன்றி. ஒவ்வொரு இரவும் ஒரு விருந்து உண்டு. சமையலுக்குச் சாமான் சேர்ப்பது உங்கள் வேலை. இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

கணினியில் இலவசமாக ஒன்று வேண்டுமானால் 2003இல் வந்த 5 டேஸ் எ ஸ்ட்ரேஞ்சர். ட்ரில்பி என்ற திருடன் ஒரு மாளிகைக்குள் புகுந்துவிடுகிறான். வெளியே வர முடியவில்லை. ஒரே ஆள், அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் செய்தது. படம் சாதாரணமாகத்தான் இருக்கும், கதை அப்படி இல்லை.

படி 2: பழசை ஓட வைப்பது

இந்த வகையின் நல்ல விளையாட்டுகளில் பாதி 1990களில் வந்தவை. அவற்றை இன்றைய விண்டோஸில் நேராகப் போட்டால் ஓடாது, ஓடினாலும் சத்தம் வராது. இங்கேதான் பலர் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பத்து நிமிட வேலைதான்.

ஸ்கம்விஎம் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனம் 1987இல் மேனியாக் மேன்ஷன் விளையாட்டுக்காக எழுதிய நிரல் அமைப்பின் பெயர் ஸ்கம். அதிலிருந்து வந்த பெயர் இது. பழைய விளையாட்டின் படம், ஒலி, வசனக் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு, இயக்குகிற வேலையை மட்டும் இது ஏற்றுக்கொள்ளும். நான் கீழே சொல்கிறவற்றில் தி செவன்த் கெஸ்ட், ஃபேன்டஸ்மகோரியா, சானிட்டேரியம், ஐ ஹாவ் நோ மவுத் நான்கும் இதில் ஓடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஸ்கம்விஎம்மை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் உண்டு. விளையாட்டை ஜிஓஜி போன்ற இணையக் கடையில் வாங்கி நிறுவிவிட்டு, அது எந்த ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கம்விஎம்மைத் திறந்து 'ஆட் கேம்' பொத்தானை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால், என்ன விளையாட்டு என்று அதுவே கண்டுகொள்ளும். பிறகு 'ஸ்டார்ட்'. கண்ட்ரோலும் எஃப்5உம் சேர்த்து அழுத்தினால் பொது மெனு வரும். ஆல்ட்டும் என்டரும் சேர்த்தால் முழுத்திரை. கடையில் வாங்கும் பிரதிகள் பலவும் இதையெல்லாம் முன்கூட்டியே செய்துதான் வருகின்றன; அப்படி வந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்குங்கள் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. ஃபேன்டஸ்மகோரியா 1995இல் ஏழு சிடிக்களில் வந்தது. எங்கள் ஊர் கடைக்காரர் ஒருவர் அதை நகலெடுத்து விற்றார். நான் காசு சேர்த்து வாங்கினேன். ஐந்தாவது சிடி இருக்க வேண்டிய உறையில் ஏதோ ஒரு பக்திப் பாடல் தொகுப்பு இருந்தது. பேய் பிடித்த கணவனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

படி 3: மேசையைத் தயார் செய்யுங்கள்

ஹெட்ஃபோன் கட்டாயம். இந்த விளையாட்டுகளில் படம் பெரும்பாலும் அசையாது, பயம் முழுக்க ஒலியில்தான் இருக்கிறது. ஸ்பீக்கரில் கேட்டால் மின்விசிறிச் சத்தத்தில் பாதி போய்விடும்.

ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் கையால் எழுதும்போதுதான் 'இந்த நான்கு எண்ணை முன்னாலேயே எங்கேயோ பார்த்தோமே' என்று பொறிதட்டும். கோடு போட்ட நோட்டைவிடக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு நல்லது. ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

விளக்கை முழுதாக அணைக்க வேண்டாம். நோட்டில் எழுத வெளிச்சம் வேண்டுமல்லவா.

சேவ் விஷயத்தில் சோம்பல் கூடாது. ஒரே பெயரில் மேலே மேலே சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் சேமியுங்கள். 1992இல் வந்த டார்க் சீட் விளையாட்டில் எனக்குக் கிடைத்த பாடம் இது. எச். ஆர். கீகர் என்ற சுவிஸ் ஓவியரின் படங்களை வைத்துச் செய்தது, பார்க்கப் பார்க்க மிரட்டும். ஆனால் கதை மூன்று நாளில் முடிந்தாக வேண்டும். முதல் நாள் ஒரு பொருளை எடுக்க மறந்தால் மூன்றாம் நாள் வழி அடைபட்டுப்போகும். விளையாட்டு அதைச் சொல்லவும் சொல்லாது. நான் ஒரே ஒரு சேவ் வைத்திருந்தேன். இந்தக் கட்டுரையில் வருகிறவற்றில் நான் இன்னும் முடிக்காதது அது ஒன்றுதான்.

படி 4: புதிர் போடும் மாளிகை

இப்போது தி செவன்த் கெஸ்ட். ட்ரைலோபைட் நிறுவனம் உருவாக்கியது, 1993இல் வெளிவந்தது. சிடி-ராம் டிரைவ் என்ற பொருளே அப்போது புதுசு. இந்த விளையாட்டுக்காகவே டிரைவ் வாங்கியவர்கள் ஏராளம். ஸ்டாஃப் என்ற பொம்மை செய்கிறவனின் மாளிகைக்கு ஆறு விருந்தாளிகள் வருகிறார்கள். ஏழாவது யார் என்பதுதான் கதை. ஸ்டாஃப் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப்போட்டால் ஃபாஸ்ட் வரும், பிசாசுக்கு ஆன்மாவை விற்ற அந்தப் பழைய ஜெர்மன் கதாபாத்திரம்.

உண்மையைச் சொன்னால் இதன் நடிப்பு இன்று சிரிப்பை வரவழைக்கும். பயம் நிற்பது இரண்டு இடங்களில்: நடக்கும்போது வீடே நம்மை இழுத்துக்கொண்டு போவது போன்ற அந்த மிதப்பு, புதிர் போடும்போது காதோரம் நக்கல் செய்கிற ஸ்டாஃபின் குரல்.

முதலில் வருகிற கேக் புதிரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைப் போட்டுவிட்டால் மற்றவற்றை அணுகுகிற முறை பிடிபட்டுவிடும். மேசையில் முப்பது துண்டாகப் பிரித்த கேக். சில துண்டில் மண்டை ஓடு, சிலவற்றில் கல்லறைக் கல், மீதி வெறும் க்ரீம். ஆறு பேருக்கும் ஆளுக்கு ஐந்து துண்டு: இரண்டு மண்டை ஓடு, இரண்டு கல், ஒரு வெறும் துண்டு. ஒருவருக்குப் போகிற ஐந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கணக்கு நோட்டை எடுத்து ஐந்துக்கு ஆறு கட்டம் போடுங்கள். எது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் நிச்சயம் சிக்கிக்கொள்வீர்கள். மூலையிலிருந்து தொடங்குங்கள். மூலைத் துண்டுக்குப் பக்கத்துத் துண்டு இரண்டுதான், அதனால் தேர்வும் குறைவு. ஒரு பங்கை வெட்டியதும் மிச்சத்தைப் பாருங்கள். எங்கேயாவது ஒரு மூலையில் மூன்று துண்டோ நான்கு துண்டோ தனித்து மாட்டிக்கொண்டிருந்தால் அந்த வெட்டு தப்பு. ஐந்தின் மடங்காக இல்லாத எந்தத் தீவும் உதவாது. பென்சிலால் அழித்து அழித்துப் போட்டால் கால் மணி நேரத்தில் வந்துவிடும்.

அடுத்து சமையலறையில் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு ஆங்கில எழுத்து. அவற்றை இடம் மாற்றி ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் ஏ, இ, ஐ, ஓ, யூ ஒன்றுகூட இல்லை. ஒய் மட்டும்தான் இருக்கிறது. உயிரே இல்லாமல் மெய்யை மட்டும் வைத்து வாக்கியம் எழுது என்று தமிழாசிரியர் சொன்னால் எப்படி இருக்கும்? ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களே இதில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. ஒரு புதிருக்காக முதல் இரண்டு முறை திறந்தால் குறிப்பு சொல்லும், மூன்றாவது முறை புதிரை அதுவே முடித்துவிடும். டப்பாவுக்கு நான் மூன்று முறையும் போனேன்.

படி 5: ஆளில்லாத வீடு

என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. இரண்டு விளையாட்டுகள், இரண்டிலும் அனேகமாக ஒரு மனிதரைக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

டார்க் ஃபால் 2002இல் வந்தது. ஜொனாதன் போக்ஸ் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறையத் தனியாளாகச் செய்தார். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் டவர்ட்டன் என்ற கற்பனை ரயில் நிலையம், ஒட்டி ஒரு விடுதி. 1947இல் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே இரவில் காணாமல் போனார்கள். இப்போது உங்கள் அண்ணன் அங்கே போய் மாட்டிக்கொண்டு, தொலைபேசியில் பதற்றமாக ஒரு செய்தி விட்டிருக்கிறார். நீங்கள் போய் இறங்குகிறீர்கள். நடைமேடை இருட்டில் ஒரு சின்னப் பையனின் குரல் மட்டும் பேசும்.

இதை விளையாடும் முறை: ஒவ்வொரு விருந்தாளி அறைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், தேதி, சுவரில் கிறுக்கியிருக்கும் குறியீடு எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசிப் புதிருக்கு அங்கே தங்கியிருந்த ஒவ்வொருவரையும் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். செத்தவர்களின் கடிதத்தையும் சமையல் குறிப்பையும் படித்துப் படித்து, ஒரு கட்டத்தில் அவர்கள் நமக்குத் தெரிந்தவர்களாக ஆகிவிடுவார்கள். அதற்கப்புறம் அதே அறையில் காலடிச் சத்தம் கேட்டால் பயமும் இருக்கும், 'இது அவர்தானோ' என்று ஒரு பரிவும் இருக்கும்.

ஸ்க்ராட்சஸ் 2006இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்தது, நியூக்ளியோசிஸ் என்ற சிறிய குழுவின் படைப்பு. கதை நடப்பது 1976இல், வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாண்டில். மைக்கேல் ஆர்த்தேட் என்ற எழுத்தாளர் நாவலை முடிக்க அமைதியான இடம் தேடி பிளாக்வுட் மாளிகைக்கு வருகிறார். மின்சாரம் இல்லை. தொலைபேசி மட்டும் வேலை செய்கிறது. நண்பர் ஜெர்ரியிடம் பேசலாம். தொலைபேசியில் கேட்கிற குரல்கள்தான் வெளியுலகத்தோடு உங்களுக்கு இருக்கும் ஒரே தொடர்பு.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். எதையாவது ஒன்றைப் பார்க்காமல் விட்டால் பொழுது நகராது. மாலை மாலையாகவே இருக்கும். வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவீர்கள். அப்போது செய்ய வேண்டியவை: ஜெர்ரிக்குத் தொலைபேசி அடியுங்கள், படித்த நாட்குறிப்பை மறுபடி திறந்து கடைசிப் பக்கம் வரை போய்விட்டோமா என்று பாருங்கள், ஒவ்வொரு அறையிலும் தலைக்கு மேலேயும் காலடியிலும் பாருங்கள். முக்கால்வாசி நேரம் இதிலேயே தீரும். முதல் நாள் இந்த அலைச்சல் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் இரவுதான் காரணம் புரிந்தது. பகலில் நூறு தடவை நடந்த வீடு, எந்தப் படி எங்கே திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அந்தப் பழகிய வீட்டில், கீழ்த்தளத்திலிருந்து அந்தப் பிறாண்டல் கேட்கும். தெரியாத இடத்தில் வருகிற பயம் ஒரு ரகம், இது வேறு ரகம்.

இந்த இரண்டிலும் ரத்தம் அனேகமாக இல்லை. வீட்டில் பெரியவர்கள் எட்டிப்பார்த்தாலும் சங்கடம் இல்லை.

படி 6: மாட்டிக்கொண்டால்

மாட்டிக்கொள்வீர்கள், தப்பிக்க முடியாது. நான் கடைப்பிடிக்கும் வரிசை இது.

முதலில் திரையின் ஓரங்கள். மவுஸை இடமிருந்து வலமாக மெதுவாக, வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி ஓட்டுங்கள். அம்புக்குறி வடிவம் மாறுகிற இடத்தை நோட்டில் குறியுங்கள். இரண்டாவது, கையிலிருக்கும் பொருள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது, கடைசியாக எதைச் செய்தீர்களோ அதற்கு முன்னால் பார்த்த இடங்களுக்குப் போங்கள்; ஏதோ ஒன்று மாறியிருக்கும். நான்காவது, விளையாட்டுக்குள்ளேயே உதவி இருக்கிறதா என்று தேடுங்கள். ஃபேன்டஸ்மகோரியாவில் திரையின் கீழே ஒரு சிவப்பு மண்டை ஓடு இருக்கும், தட்டினால் குறிப்பு தரும். ஐந்தாவது, தூங்கப் போங்கள். கிண்டல் இல்லை, காலையில் பல் தேய்க்கும்போது விடை வந்திருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் இணையத்தில் விடை தேடுவது. தேடினாலும் முழு வழிகாட்டியைத் திறக்காதீர்கள், கண் அடுத்த வரிக்கு ஓடிவிடும். குறிப்பு குறிப்பாக அவிழ்த்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. அதில் ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள்.

படி 7: மனதுக்குள் இறங்கும் விளையாட்டுகள்

சானிட்டேரியம் 1998இல் ட்ரீம்ஃபோர்ஜ் செய்தது. கார் விபத்துக்குப் பிறகு மேக்ஸ் என்பவன் கண் விழிக்கிறான். முகம் முழுக்கக் கட்டு, பெயர் நினைவில்லை, இருப்பது ஒரு மனநல விடுதி. அங்கிருந்து வேறு வேறு உலகங்களுக்குப் போகிறான். சிலவற்றில் அவன் உருவமே மாறிவிடுகிறது. ஓர் இடத்தில் சின்னப் பெண், இன்னோர் இடத்தில் நான்கு கை கொண்ட சித்திரக்கதை நாயகன்.

இரண்டாவது அத்தியாயத்தில் வருகிற கிராமத்தை மறக்கவே முடியாது. பெரியவர்கள் ஒருவரும் இல்லை. குழந்தைகள் மட்டும், உருக்குலைந்த முகங்களோடு. அவர்கள் பாட்டுக்குக் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள், சாதாரணமாகப் பேசுகிறார்கள். பெரியவர்கள் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். 'அம்மா' என்று யாரையோ சொல்கிறார்கள். புதிர்கள் எளிது, கஷ்டம் நடப்பதில்தான்: வலது பொத்தானை அழுத்திப் பிடித்தால் மேக்ஸ் மாட்டு வண்டி மாதிரி நகர்வான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ ஹாவ் நோ மவுத், அண்ட் ஐ மஸ்ட் ஸ்க்ரீம் 1995இல் வந்தது. ஹார்லன் எலிசன் 1967இல் எழுதிய சிறுகதை அதன் மூலம். அவரே விளையாட்டின் வடிவமைப்பில் பங்கெடுத்தார், வில்லனுக்குக் குரலும் கொடுத்தார். ஏஎம் என்ற கணினி மனித குலத்தை அழித்துவிட்டு, மிஞ்சிய ஐந்து பேரை 109 வருடமாகச் சித்திரவதை செய்துகொண்டிருக்கிறது. ஐவருக்கும் தனித்தனிக் கதை. எந்த வரிசையிலும் விளையாடலாம். ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் தனியாகச் சேமியுங்கள். நல்லவிதமாக நடந்துகொள்ள நடந்துகொள்ள அவர்களின் முகப்படத்துக்குப் பின்னால் இருக்கும் நிறம் வெளிறும். அதைக் கவனித்துக்கொண்டே போங்கள். வாங்குகிறபோது ஆங்கிலப் பிரதியா என்று பாருங்கள். அந்தக் காலத்து ஜெர்மன், பிரெஞ்சுப் பிரதிகளில் நிம்டாக் என்ற நாஜி மருத்துவரின் கதையையே வெட்டிவிட்டார்கள், அதனால் நல்ல முடிவை எட்டவே முடியாமல் போனது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் படியில் இருப்பவை குழந்தைகளுக்கானவை அல்ல. ஃபேன்டஸ்மகோரியாவில் ஒரு பாலியல் வன்முறைக் காட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அந்த விளையாட்டுக்கு அனுமதியே கிடைக்கவில்லை. ஸ்வீடன் தம்பதி செய்த ஃப்ரான் போ பார்க்கக் குழந்தைக் கதைப் படம் மாதிரி இருக்கும். ஆனால் பத்து வயதுப் பெண் மாத்திரை விழுங்கியதும் அதே அறை ரத்தக் களரியாகத் தெரியும். தென் ஆப்பிரிக்க சகோதரர்கள் செய்த கெய்ன் இலவசம்தான், அருமையாகவும் இருக்கும், ஆனால் அதன் நாயகி நிறைமாத கர்ப்பிணி. வீட்டில் யாராவது பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் வேறொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 8: டிடென்ஷன்

கடைசிக்கு இதை வைத்ததற்குக் காரணம், இதற்குப் பிறகு கொஞ்ச நாள் வேறெதையும் விளையாடத் தோன்றாது.

தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2017இல் வெளியிட்டது. கதை நடப்பது 1960களில். அப்போது தைவானில் ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. 1949இல் தொடங்கி 1987 வரை நீடித்தது. அந்தக் காலத்தை வெள்ளைப் பயங்கரம் என்கிறார்கள். தடை செய்யப்பட்ட புத்தகத்தைப் படித்தால் சிறை, சில சமயம் மரணம். மலைமேல் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பில் தூங்கிப்போன மாணவன் கண் விழிக்கும்போது பள்ளியே காலி. கரும்பலகையில் புயல் எச்சரிக்கை. அரங்கத்தில் மேடை நடுவில், நாற்காலியில் ஒரு மாணவி தூங்கிக்கொண்டிருக்கிறாள். இருவரும் வெளியேறப் பார்க்கிறார்கள். பாலம் உடைந்து கிடக்கிறது, கீழே ஆறு சிவப்பாக ஓடுகிறது.

விளையாடும் முறை எளிது. இடம் வலமாக நடக்கலாம், பொருளைத் தட்டி எடுக்கலாம். வழியில் ஆவிகள் வரும். சண்டை போட முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கடக்க வேண்டும். மூச்சு ரொம்ப நேரம் தாங்காது என்பதால் ஆவி நெருங்குகிற வரை பிடிக்காமல் இருங்கள். நெருங்கியதும் பிடித்து, அதைத் தாண்டியதும் விடுங்கள். சில ஆவிகளுக்குச் சோறு வைத்துக் கவனத்தைத் திருப்பலாம்: கிண்ணத்தில் சாதம், அதில் குத்தி நிறுத்திய இரண்டு குச்சிகள், இறந்தவருக்குப் படைக்கிற படையல். எனக்கு அந்த இடத்தில் பயம் போய்விட்டது. நம் வீட்டிலும் இலையில் படையல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போமே, அந்த அமைதி மாதிரி இருந்தது. விளக்கை ஏந்திக்கொண்டு வருகிற நெட்டையான ஒன்று உண்டு. அதற்குச் சோறெல்லாம் பலிக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள்.

பாதி தாண்டியதும் ஆவிகள் குறைந்துவிடும். அதற்கப்புறம்தான் உண்மையான பயம் தொடங்குகிறது. அந்தப் பள்ளியில் ரகசியமாக ஒரு வாசிப்புக் குழு இருந்தது. யாரோ காட்டிக்கொடுத்தார்கள். யார், ஏன் என்பதை நோக்கி நீங்களே ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போகிறீர்கள். ஓரிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த கதவைத் திறக்க மனம் வரவில்லை. பேய் இருக்கும் என்பதற்காக இல்லை, யார் இருப்பார் என்று தெரியும் என்பதற்காக.

முடிவை நெருங்கும்போது சில கேள்விகள் வரும். பதில்களை ஆராயாமல் அவசரமாகத் தட்டாதீர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு முடிவுகள் உண்டு. நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும், அதனால் இரண்டாவது தடவை விளையாடுவது பெரிய பாரம் இல்லை.

போர்வைக்குள்ளிருந்து "போகாதண்ணா" என்றவள்தான் இதைப் போன வருடம் தனியாக உட்கார்ந்து முடித்தாள். இன்னொரு முடிவையும் பார்த்துவிட்டாயா என்று கேட்டேன். "வேண்டாம், அவங்க அங்கயே இருக்கட்டும்" என்றாள். ஆனால் விளையாட்டை லேப்டாப்பிலிருந்து இன்னும் நீக்கவில்லை.